இஃபெமரல்: எங்கே எழுதலாம், எங்கே கூடாது

கொஞ்ச நேரம் இருந்து மறையும் எதற்கும் ‘டெம்ப்ரரி’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். பல இடங்களில் அதைவிட இஃபெமரல் என்ற ஆங்கிலச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். செங்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க நம்ம ஊர் மழையே போதும்.

முதலில் உச்சரிப்பு. எழுத்துகள்: இ, பி, எச், இ, எம், இ, ஆர், ஏ, எல். பி-யும் எச்-சும் சேர்ந்து ‘ஃப’ ஒலி தரும். ‘ஃபெ’யில் அழுத்திச் சொல்லுங்கள். உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் ‘ஆன்’ வரும்.

அடுத்து வேர். கிரேக்கத்தில் ‘எஃபெமெரோஸ்’ என்றால் ஒரு நாள் மட்டும் இருப்பது. மேஃப்ளை பூச்சி வரிசைக்கு எஃபெமராப்டிரா என்று பெயர் வந்ததும் இதனால்தான். வளர்ந்து சிறகு விரித்தபின் அவற்றில் பல ஒரு நாள்கூடத் தாங்காது. ஈசல் வேறு இனம். ஆனாலும் மழை விட்ட மாலையில் டியூப்லைட்டை மொய்த்து, விடிந்தால் வாசலில் வெறும் சிறகாகக் கிடக்கும் அந்தக் கூட்டத்துக்கு இந்தச் சொல் அழகாகப் பொருந்தும்.

மூன்றாவதுதான் முக்கியம். எழுதுமுன் ‘இது ஏன் முடிகிறது?’ என்று கேளுங்கள். யாரோ கெடு வைத்ததால் முடிந்தால் டெம்ப்ரரி: கோயில் கொடைக்குப் போடும் பந்தல், ஆறு மாத வேலை. ஆண்டுதோறும் திரும்ப வந்தால் சீசனல்: குற்றாலச் சாரல். தன் இயல்பாலேயே சீக்கிரம் மறைந்தால் இஃபெமரல். பெருமழைக்குப் பின் புளியரை மலைச்சரிவில் வெள்ளைக் கோடாய் இறங்கி, வெயில் ஏறியதும் காணாமல் போகும் ஓடைகளைப் பாருங்கள். நீரியலிலும் இப்படிப்பட்டவற்றை ‘இஃபெமரல் ஸ்ட்ரீம்’ என்றே சொல்கிறார்கள். அவற்றின் படுகை நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் ஊற்று கைகொடுக்காது. மழைநீர் வடிந்தால் அவ்வளவுதான்.

சரி, வாக்கியத்தில் எங்கே வைப்பது? பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைக்கலாம்: ‘இஃபெமரல் பியூட்டி’. ‘இஸ்’ஸுக்குப் பின்னாலும் வைக்கலாம்: ‘ஃபேம் இஸ் இஃபெமரல்’. ஓணத்துக்கு ஆரியங்காவுப் பக்கம் வாசலில் போடும் அத்தப்பூக்களத்தை ‘ஆன் இஃபெமரல் ஆர்ட் ஃபார்ம்’ என்றால் மிகச் சரி.

கரண்ட் கட்டுக்கும் லீவுக்கும் இதை இழுக்காதீர்கள். உங்கள் காய்ச்சலுக்கும் வேண்டாம். மாட்டுக்கு வரும் மூன்று நாள் காய்ச்சலுக்கு மட்டும் கால்நடை மருத்துவத்தில் ‘போவைன் இஃபெமரல் ஃபீவர்’ என்றே பெயர்.