பிபிசி மைக்ரோவில் ஸ்டார் கட்டளைகளை மாற்றுவது எப்படி?

1984-85இல் மத்திய அரசின் கணினிக் கல்வித் திட்டமான கிளாஸில் பள்ளிகளுக்குக் கொடுத்த பிபிசி மைக்ரோ மாடல் பி கணினி உங்கள் கைக்கு வந்திருந்தால், எடுத்தவுடன் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். பவர் சப்ளைக்குள் இருக்கும் 0.1, 0.01 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டர்களின் உறை வயதாகி விரிசல் விட்டு, ஈரத்தை இழுத்திருக்கும். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் சொல்லவே வேண்டாம். 230 வோல்ட் ஏறியதும் புகைந்துவிடும். முதலில் இரண்டையும் மாற்றுங்கள்.

முன்னால் ஸ்டார் (*) போட்டு அடிக்கும் கட்டளையை முதலில் மெஷின் ஆபரேட்டிங் சிஸ்டம் தன் பட்டியலில் தேடும். அங்கே இல்லையென்றால் 15ஆம் எண் ராமிலிருந்து (ROM, நிரல் பதிந்த நினைவகச் சிப்) கீழ்நோக்கி ஒவ்வொன்றாகக் கேட்கும். எதுவும் ஏற்காவிட்டால்தான் டிஸ்க் ஃபைலிங் சிஸ்டத்திடம் போகும். அதனால் டிஸ்க்கின் காப்பி, டெலிட் போன்றவற்றுக்கு ஒரு ராமில் மாற்று எழுதிப் போடலாம். ஸ்டார் ஹெல்ப், ஸ்டார் எஃப்எக்ஸ் சிஸ்டத்தின் சொந்தக் கட்டளைகள். ராம் போட்டாலும் அவற்றை மாற்றும் வாய்ப்பு அதற்கு வராது. அவற்றை மாற்ற, நினைவகத்தில் &208 முகவரியில் உள்ள கட்டளை வெக்டரைத்தான் (கட்டளையை எங்கே அனுப்புவது என்று காட்டும் குறிப்பு) திருப்ப வேண்டும்.

மாற்று ராமை எழுத வேண்டிய எப்ரோம் சிப் 27128ஏ அல்லது 27சி128, 250 நானோசெகண்டோ அதைவிட வேகமானதோ வாங்குங்கள். 'ஏ' இல்லாத பழைய 27128இல் எழுத 21 வோல்ட் வேண்டும். இப்போது கிடைக்கும் மலிவு புரோகிராமர் கருவிகள் (சிப்பில் எழுதுபவை) பலவற்றால் அது முடியாது. எழுதும் முன் சிப் காலியாக உள்ளதா என்று பிளாங்க் செக் செய்யுங்கள், எல்லா பைட்டும் எஃப்எஃப் என வர வேண்டும். எழுதியபின் கண்ணாடிச் சன்னலை ஸ்டிக்கரால் மூடுங்கள்.

மின்சாரத்தைத் துண்டித்து, பின்பக்கம் இரண்டும் அடிப்பக்கம் இரண்டுமாக உள்ள நான்கு திருகுகளைக் கழற்றினால் மூடி வந்துவிடும். கீபோர்டு போல்ட்டுகளையும் எடுத்துவிட்டு, கீபோர்டைத் தூக்கிச் சாய்த்து வையுங்கள். போர்டின் முன்பக்கம் வலது மூலையில் ஐந்து சாக்கெட் வரிசையாகத் தெரியும். இடக்கோடியில் இருக்கும் ஐசி51 சிஸ்டம் ராம், அதைத் தொடாதீர்கள். அடுத்து ஐசி52, 88, 100, 101. இவற்றின் ராம் எண்கள் முறையே 12 முதல் 15 வரை. முந்திப் பதில் சொல்ல வேண்டிய ராமை 101இல் போடுங்கள்.

புது சிப்பின் கால்கள் அகன்றிருக்கும். மேசை விளிம்பில் வைத்து லேசாக உள்பக்கம் வளைத்து, பள்ளம் கணினியின் பின்பக்கம் பார்க்க, இரு முனையையும் மாறி மாறி அழுத்துங்கள். ஒரு கால் உள்ளே மடங்கினாலும் ராம் தெரியாது. திருப்பிப் போட்டால் சிப் சுட்டுப் போய்விடும்.

போட்டபின் ஸ்டார் ஹெல்ப் அடித்தால் புதிய ராமின் பெயர் வர வேண்டும். வரவில்லையா? சாக்கெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இங்கே கால்கள் கறுத்துவிடும். அப்படியும் வராவிட்டால் சிப்பில் எழுதிய கோப்பைப் பாருங்கள். பூஜ்ய பைட்டும் அதையடுத்து அடைப்புக்குறிக்குள் பெரிய சி எழுத்தும் உரிய இடத்தில் இல்லையென்றால், சிஸ்டம் அந்தச் சாக்கெட்டைக் காலி என்றே எடுத்துக்கொள்ளும். வழக்கமான பேசிக் மொழித் திரைக்குப் பதில் வேறு திரை வந்தால் நீங்கள் போட்டது லாங்குவேஜ் ராம் (தானே திரையை எடுத்துக்கொள்ளும் வகை). பேசிக் ராம் அதற்கு வலப்பக்கம் வரும்படி இரண்டையும் இடம் மாற்றுங்கள்.