லிவிங் டிரஸ்ட்: கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலையே ஆரம்பம்

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கிப் பிள்ளைகளும் பிறந்துவிட்டால், எந்தப் பாட்லக் விருந்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "டிரஸ்ட் போட்டாச்சா?" நானும் போட்டேன். தடிமனான ஃபைல் ஒன்றைக் கொடுத்தார்கள், அலமாரியில் வைத்தேன், கடமை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை, அதற்குப் பின்னால் வருகிறேன். நான் வக்கீல் இல்லை. புதிதாக ஆரம்பிப்பவருக்குப் புரியும்படி, எனக்குப் புரிந்த வரிசையில் சொல்கிறேன்.

டிரஸ்ட் என்றதும் நமக்குத் தர்ம காரியம், கோயில், கல்லூரி என்று ஞாபகம் வரும். இது அது இல்லை. வீடும் வங்கிக் கணக்கும் உங்கள் சொந்தப் பெயரில் இல்லாமல், "இந்த டிரஸ்டின் டிரஸ்டி" என்ற முறையில் உங்கள் பெயரில் இருக்கும், அவ்வளவுதான். உருவாக்குபவர், நிர்வகிக்கும் டிரஸ்டி, பலனை அனுபவிப்பவர் என்று மூன்று வேடங்கள். உயிரோடு இருக்கும்வரை மூன்றுமே நீங்கள்தான். வீட்டை விற்கலாம், ஷரத்துகளை மாற்றலாம், டிரஸ்டையே ரத்தும் செய்யலாம். வருமான வரியும் வழக்கம்போல உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணிலேயே போகும்.

உயில் போதாதா என்று கேட்பீர்கள். உயில் மட்டும் இருந்தால், கலிஃபோர்னியாவில் ஓரளவு சொத்துள்ள குடும்பம் பெரும்பாலும் புரோபேட் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும், இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்கு மாற்றித் தரும் நீதிமன்றம் அது. டிரஸ்டுக்குள் இருக்கும் சொத்து அங்கே போக வேண்டியதில்லை. அங்கே வக்கீல் ஃபீஸைச் சட்டமே நிர்ணயித்திருக்கிறது: முதல் 1 லட்சம் டாலருக்கு 4%, அடுத்த 1 லட்சத்துக்கு 3%, அடுத்த 8 லட்சத்துக்கு 2%, அடுத்த 90 லட்சத்துக்கு 1%. 12 லட்சம் டாலர் வீடு என்றால் 25,000 டாலர். உயிலை நிறைவேற்றுபவரும் அதே தொகையைக் கேட்கலாம். இதில் வயிற்றைக் கலக்குவது என்னவென்றால், கடனைக் கழிக்க மாட்டார்கள். 9 லட்சம் மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) பாக்கி இருந்தாலும் கணக்கு 12 லட்சத்துக்குத்தான். 2025 ஏப்ரலிலிருந்து 7,50,000 டாலருக்கு உட்பட்ட சொந்தக் குடியிருப்புக்கு எளிய வழி ஒன்று வந்திருக்கிறது, ஆனால் சான் ஹோசே பக்கம் அந்த விலைக்குத் தனி வீடு கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

சரி, முதல் படி. ஒரு தாளில் எல்லாச் சொத்தையும், ஒவ்வொன்றும் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அரை மணி நேர வேலைதான்.

இரண்டாவது, ஆட்களை முடிவு செய்வது. உங்களுக்குப் பின் நிர்வகிக்கப்போகும் அடுத்த டிரஸ்டி யார்? நம் கை தானாகவே ஊரில் இருக்கும் அண்ணன் பெயரை எழுதும். கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்கக் குடிமகனாகவோ வரி விஷயத்தில் இங்கே குடியிருப்பவராகவோ இல்லாத ஒருவர் முக்கிய முடிவுகளை எடுக்கும் நிலைக்கு வந்தால், உங்கள் காலத்துக்குப் பின் அது வெளிநாட்டு டிரஸ்டாகக் கணக்கிடப்பட்டு வரித் தலைவலி வரலாம். அண்ணனைவிட, டெக்ஸாஸில் இருக்கும் கணக்கு வழக்கு தெரிந்த நண்பர் மேல். சின்னப் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்பது டிரஸ்டில் வராது. அது உயிலில் எழுத வேண்டியது.

அதனால்தான் மூன்றாவது படியில் வக்கீல் தருவது ஒரே பத்திரமாக இருக்காது. டிரஸ்ட், அதில் சேராமல் விட்டுப்போனதை அதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் உயில், நீங்கள் நினைவில்லாமல் கிடந்தால் பணத்தைக் கவனிக்க ஒரு பவர் பத்திரம், சிகிச்சை முடிவுகளுக்கு இன்னொன்று. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், மற்றவற்றுக்கு நோட்டரியிடம் கையெழுத்துப் போடச் சொல்வார்கள்.

நான்காவது படியில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறோம். இதுவரை உங்களிடம் இருப்பது வெறும் பாத்திரம். அதில் எதையும் ஊற்றவில்லை. வீட்டை டிரஸ்டுக்கு மாற்றும் டீட், அதாவது உரிமைப் பத்திரம், எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு, உரிமை மாற்றம் பற்றிய கவுன்ட்டி படிவத்தோடு கவுன்ட்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிய வேண்டும், நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகம் மாதிரிதான். இதனால் சொத்து வரிக்காக வீட்டை மறுமதிப்பீடு செய்ய மாட்டார்கள். நீங்கள் குடியிருக்கும் வீடு என்றால், இந்த மாற்றத்தைக் காரணம் காட்டி வங்கி முழுக் கடனையும் உடனே கட்டு என்று கேட்க முடியாதபடி 1982-இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. வங்கிக்கும் பங்குக் கணக்கு இருக்கும் இடத்துக்கும் டிரஸ்டின் சுருக்கச் சான்றிதழை எடுத்துப் போனால் போதும், யாருக்கு என்ன எழுதினீர்கள் என்பதைக் கவுன்ட்டரில் இருப்பவர் படிக்க வேண்டியதில்லை.

ஆனால் 401கே, ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகள் இரண்டையும் டிரஸ்ட் பெயருக்கு மாற்றாதீர்கள், மாற்றினால் முழுப் பணத்தையும் எடுத்ததாகக் கணக்காகி வரி விழும். அங்கே நாமினி பெயரைச் சரிபார்த்தால் போதும், கல்யாணத்துக்கு முன் போட்ட அப்பா பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயுள் காப்பீட்டில் எட்டு வயதுப் பிள்ளையை நேரடியாக நாமினியாகப் போடுவதைவிட, மனைவிக்கோ கணவருக்கோ அடுத்தபடியாக டிரஸ்டைப் போடுவது நல்லது.

இப்போது என் கதை. வட்டி இறங்கியபோது ரீஃபைனான்ஸ் செய்தேன், அதாவது பழைய வீட்டுக் கடனை அடைத்துப் புதுக் கடன் வாங்கினேன். கடன் கொடுத்தவர்கள் வீட்டைத் தற்காலிகமாக எங்கள் சொந்தப் பெயருக்கு மாற்றச் சொன்னார்கள், கையெழுத்துக் குவியலில் அதுவும் ஒன்றாகப் போனது. திரும்ப டிரஸ்டில் சேர்க்க யாரும் ஞாபகப்படுத்தவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறு எதற்கோ டீடைத் தேடியபோதுதான் கண்ணில் பட்டது. நடுவில் எங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால், அலமாரியில் அந்த ஃபைல் இருந்தும் வீடு புரோபேட்டுக்குப் போயிருக்கும். ரீஃபைனான்ஸ் செய்தவர்கள் இன்றைக்கே கடைசியாகப் பதிவான டீடை எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், இந்த டிரஸ்ட் கடன்காரர்களிடமிருந்து காப்பாற்றாது, எப்போது வேண்டுமானாலும் நீங்களே ரத்து செய்யக்கூடியது ஆயிற்றே. வரியையும் மிச்சப்படுத்தாது. இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான மத்திய எஸ்டேட் வரி 2026-இல் ஒருவருக்கு 1.5 கோடி டாலருக்கு மேல்தான் ஆரம்பம் என்பதால் நம்மில் அநேகருக்கு அந்தக் கவலையே இல்லை. அதற்கு மேல் இருந்து, மனைவியோ கணவரோ கிரீன் கார்டிலேயே இருந்தால் மட்டும் வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள். குடிமக்களான தம்பதிக்குக் கிடைக்கும் முழு விலக்கு அங்கே அப்படியே கிடைக்காது.

கடைசியாக, ஊரில் உள்ள மனையும் ஃபிளாட்டும். அவற்றை இந்த டிரஸ்டில் திணிக்காமல், அங்கேயே ஒரு வக்கீலை வைத்துத் தனி உயில் எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. இங்குள்ள உயில், அங்குள்ள உயில் இரண்டில் எதைப் பின்னால் எழுதுகிறீர்களோ, அதன் முதல் பத்தியைக் கையெழுத்துக்கு முன் ஒருமுறை படியுங்கள். "இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்" என்று அதில் வழக்கமாக ஒரு வரி இருக்கும். "மற்ற நாட்டுச் சொத்துக்கான உயில் நீங்கலாக" என்று சேர்க்கச் சொல்லுங்கள்.