சாவித்திரி நடிப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டும் முறை

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறேன். தமிழ்த்தினப் போட்டிக்கென்றே வருகிற பிள்ளைகள். அழச் சொன்னால் எல்லோரும் ஒரே மாதிரித்தான் செய்வார்கள்: இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தி, தோளைக் குலுக்கி, "ஐயோ" என்று ஒரு சத்தம். வாயால் சொல்லித் திருத்திப் பார்த்தேன், சரிவரவில்லை. பிறகுதான் பழைய நடிகை சாவித்திரியின் படங்களைப் போட்டுக் காட்டத் தொடங்கினேன். எதை முதலில் போடுவது, எங்கே நிறுத்துவது என்று இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. என்னைப் போல் பழக்குகிற ரீச்சர்மாருக்கும், பேரப்பிள்ளைகளோடு இருந்து பார்க்க ஆசைப்படும் அம்மம்மாமாருக்கும் இதை எழுதுகிறேன்.

"பாசமலர்" படத்தில் தொடங்க வேண்டாம். எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது அதுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே அவ்வளவு கண்ணீரைக் காட்டினால், சாவித்திரி என்றால் அழுகிற நடிகை என்று மனதில் விழுந்துவிடும். சிரிக்க வைப்பதில் அவர் எவ்வளவு கெட்டிக்காரி என்பது அதற்குப் பிறகு கண்ணில் படாது.

"மிஸ்ஸியம்மா"வைப் போடுங்கள். 1955இல் எல்.வி. பிரசாத் எடுத்தது. வேலையில்லாத இரண்டு பேர், புருஷன் பெண்சாதி என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூட வேலையில் சேருகிறார்கள். அவள் கிறிஸ்தவப் பெண் மேரி, அவன் இந்து. முதலில் இந்த வேடம் பி. பானுமதிக்கு, சாவித்திரிக்கு இரண்டாவது பெண் வேடம். பானுமதி விலகியதும் சாவித்திரி மேரியானார், மற்ற வேடம் ஜமுனாவுக்குப் போனது. இதைப் படத்துக்கு முன்னமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். போட்டியில் தோழி வேடம் கிடைத்து முகம் வாடியிருக்கும் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

சரி, இனிப் பார்க்கும் விதம். முதல் இருபது நிமிடம் ரீவியைப் படுக்கை விரிப்பால் மூடிவிடுங்கள், சத்தம் மட்டும் போதும். என் அம்மா சாவித்திரியை முதலில் அறிந்தது, படத்தின் சத்தத்தை மட்டும் போடும் வானொலி ஒலிச்சித்திரத்தில். கோபம் வந்தால் அந்தக் குரல் எந்த இடத்தில் முறியும் என்று, முகம் பார்க்க முன்னமே அம்மாவுக்குத் தெரியும். குண்டூர் மாவட்டத்துச் சிர்றாவூரில் பிறந்து, தெலுங்கு பேசி வளர்ந்த பெண் பேசும் தமிழ் அது. ஒரு சொல்லை எங்கே அழுத்துகிறார், எங்கே விழுங்குகிறார் என்று கேட்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு அதே இருபது நிமிடத்தைத் திரும்பப் போட்டு, இந்த முறை சத்தத்தை முழுதாகக் குறைத்துவிடுங்கள். கதைக்கிறவரைப் பார்க்கக் கூடாது, கேட்டுக்கொண்டிருக்கும் சாவித்திரியை மட்டும் பார்க்க வேண்டும் என்பது என் வகுப்புச் சட்டம். "வாராயோ வெண்ணிலாவே" பாட்டில் இரண்டு பேரும் ஆளுக்காள் நிலவிடம் முறைப்பாடு வைக்கிறார்கள் அல்லவா? ஜெமினி கணேசன் பாடும் அடிகளில் இவர் முகத்தைப் பாருங்கள். போன ஆடியில், கச்சான் காற்று யன்னலை அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று அந்தப் பாட்டை நான்கு தரம் போடச் சொன்னாள். நான்காம் தரம் முடிந்ததும், "ரீச்சர், இவ கேட்காத மாதிரி இருந்துகொண்டு முழுக்கக் கேட்கிறா" என்றாள். நான் ஒரு வருடமாகச் சொல்லிக்கொடுக்க முயன்றது அதைத்தான்.

அடுத்தது, ஒரே வேடத்தை இரண்டு மொழியில் பார்ப்பது. "மிஸ்ஸம்மா" என்று தெலுங்கிலும் அதே வருடம் வந்தது. அங்கே எதிரில் என்.டி. ராமராவ். எங்களுக்குத் தெலுங்கு தெரியாது என்று பின்வாங்க வேண்டாம், தெரியாததுதான் வசதி. சொல் விளங்காதபோது கண் தானாக முகத்துக்குப் போகும். எதிரில் நிற்பவர் மாறியதும் சாவித்திரியின் எரிச்சல் எப்படி மாறுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

இனி "மாயா பஜார்". ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். கே.வி. ரெட்டி 1957இல் இரண்டு மொழியிலும் எடுத்தார். தெலுங்கில் சசிரேகா, தமிழில் வத்சலா. கதைப்படி கடோத்கஜன் வத்சலாவின் உருவம் எடுத்து அவளிடத்தில் வந்து இருக்கிறான். அப்படியென்றால் சாவித்திரி நடிக்க வேண்டியது வத்சலாவை அல்ல, வத்சலாவாக நடிக்கும் ஓர் அரக்கனை. முதலில் எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜனைப் பத்து நிமிடம் காட்டுங்கள்: மார்பை எப்படி நிமிர்த்துகிறார், எப்படி நடக்கிறார், சிரிப்பு எங்கிருந்து கிளம்புகிறது. பிறகு மாய வத்சலாவைப் போடுங்கள். அந்த மார்பும் அந்த நடையும் பட்டுச் சேலைக்குள் இருக்கும். ஆள் வரும்போது நாணம், ஆள் போனதும் அரக்கன். இந்த இடத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிரித்து முடிந்ததும் படத்தை நிறுத்திவிட்டு ஒரு பயிற்சி கொடுங்கள்: தாத்தா ஒருவர் பேத்தியின் உருவத்தில் பள்ளிக்கூடம் போகிறார், பேத்தியாக நடியுங்கள். முதுகைக் கூனினால் சேர்க்கை இல்லை. தாத்தா எங்கே தெரிய வேண்டும் என்று அவர்களே தேடட்டும். ஒரு பெடியன் பென்சிலை எடுக்குமுன் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தடவினான். அவ்வளவுதான், எல்லோருக்கும் தாத்தாவைத் தெரிந்துவிட்டது.

"நவராத்திரி" படத்தை நவராத்திரிக்கென்றே வைத்திருங்கள். 1964இல் ஏ.பி. நாகராஜன் எடுத்தது. வீட்டை விட்டுப் போன ஒரு பெண் ஒன்பது இரவில் ஒன்பது ஆண்களைச் சந்திக்கிறாள். ஒன்பதும் சிவாஜி. பத்திரகாளி அம்மன் கோயிலில் பூசை பார்த்து, அவல் கடலையோடு வீட்டுக்கு வந்ததும் ஓர் இரவுக்கு ஓர் ஆள் என்று நாங்கள் பார்ப்போம். எல்லோரும் சிவாஜியின் ஒன்பது வேடத்தைத்தான் எண்ணுவார்கள். ஒன்பது பேருக்கும் முன்னால் ஒரே பெண்ணாக நிற்க வேண்டியது சாவித்திரி. எனக்கு அதுதான் கூடக் கஷ்டமாகப் படுகிறது. கூத்து வருகிற பகுதியில் அவரும் கூத்து ஆடுவார். கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களைப் பேச விடுங்கள். 1966இல் தெலுங்கிலும் வந்தது. ஒன்பது வேடத்துக்கு நாகேஸ்வரராவ், பெண் வேடத்துக்கு மறுபடியும் இவர்தான்.

இவ்வளவும் ஆன பிறகு "பாசமலர்" போடுங்கள். சிரிக்கத் தெரிந்த முகம் என்று பிள்ளைகளுக்கு இப்போது தெரியும். அது கலங்கும்போது எதை இழக்கிறது என்றும் தெரியும். "தேவதாஸ்" பெரிய பிள்ளைகளுக்கு.

வாழ்க்கைக் கதையைக் கடைசிக்கு வைத்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். 2018இல் கீர்த்தி சுரேஷ் சாவித்திரியாக நடித்து வந்த படத்தைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் அவருடைய குடியையும் புருஷன் ஜெமினி கணேசனையும்தான் முதலில் கேட்பார்கள். கேட்டால் மறைக்க வேண்டாம். 1981 டிசம்பர் 26இல், பத்தொன்பது மாதம் நினைவில்லாமல் கிடந்து செத்தார் என்று சொல்லுங்கள். ஆனால் அவர் படம் இயக்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1968இல் தெலுங்கில் "சின்னாரி பாபலு", பிறகு தமிழில் "குழந்தை உள்ளம்", "பிராப்தம்". "பிராப்தம்" 1971இல் சிவாஜியோடு எடுத்தது; தான் முன்பு தெலுங்கில் நடித்த "மூக மனசுலு" கதையைத் தானே தமிழில் இயக்கினார். படம் ஓடவில்லை, காசு போனது.

இதைச் சொல்லும் நாளில் படம் எதுவும் போடுவதில்லை. பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து, கொப்பிகளை எடுக்கச் சொல்லி, முதல் கிழமை எழுதியதை அவர்களையே வாசிக்க வைப்பேன்.