கறுப்படித்த சித்திரவதை அறிக்கையை வாசிப்பது எப்படி

அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வெளிநாடுகளில் நடத்திய ரகசியச் சிறைகள் பற்றிய அறிக்கையின் சுருக்கத்தை அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு 2014 டிசம்பர் 9 அன்று வெளியிட்டது. முழு அறிக்கை 6,700 பக்கங்களுக்கு மேல். அது இன்றுவரை பொதுமக்கள் கைக்கு வரவில்லை. சுருக்கத்திலும் ஏராளமான வரிகள் மையால் மூடப்பட்டவை.

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். பின்னிணைப்பில் 119 கைதிகளின் பட்டியல் இருக்கிறது. அதை முதலில் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தடித்த எழுத்தில் உள்ளவர்கள் கொடூர விசாரணை முறைகளுக்கு ஆளானவர்கள். காவல் நாட்களின் கடைசி இலக்கம் மட்டும் அழிக்கப்பட்டிருக்கும். பத்து நாள் வித்தியாசத்துக்குள் கணக்குப் போட்டுவிடலாம்.

சிறைகளுக்கு உண்மைப் பெயருக்குப் பதிலாக நிறப்பெயர்கள்: கிரீன், புளூ, கோபால்ட். ஒவ்வொரு பெயரும் வரும் பக்கங்களைத் தேதியோடு குறித்து, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத் தீர்ப்புகளோடு ஒப்பிடுங்கள். போலந்தில் சிறை இருந்ததை அந்த நீதிமன்றம் 2014 ஜூலையில் உறுதிசெய்தது. அதே விஷயத்தில் சாட்சியம் பெறுவதை, அரசு ரகசியம் என்ற வாதத்தை ஏற்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022இல் தடுத்தது. ஊரறிந்த ஒன்றையும் அரசு ரகசியமாக வைத்திருக்க முடியும் என்பதை மனதில் வையுங்கள்.

‘சித்திரவதையால் தகவல் கிடைத்தது’ என்று சிஐஏ சொல்லும் இடங்களில்தான் நேரம் செலவிட வேண்டும். தகவல் வந்த தேதி, வதை தொடங்கிய தேதி என்று இரண்டு நெடுவரிசை போடுங்கள். சிஐஏவின் கைதி அபு சுபைதா, அமெரிக்கக் குடிமகனான ஜோஸ் படில்லா என்ற சந்தேக நபரைப் பற்றிய தகவலை அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயிடம் சொன்னது 2002 ஏப்ரலில். அவர் முகத்தில் தண்ணீர் ஊற்றி மூச்சடைக்க வைத்தது ஆகஸ்டில். ஏப்ரலிலேயே அவரைத் தூங்கவிடவில்லை என்று அறிக்கை வெளியாகும் முன்பே அதற்கு அளித்த 2013 பதிலில் சிஐஏ வாதிடுகிறது. அந்தப் பதிலும் வெளியாகியிருக்கிறது, பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் தடுமாறுவது இங்கேதான்: ‘பலன் தந்ததா’ என்பதையும் ‘செய்யலாமா’ என்பதையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அமெரிக்கா 1994இல் ஏற்புறுதி அளித்த, சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு போர், நெருக்கடி எதையும் சாக்காக ஏற்கவில்லை. தகவல் கிடைத்திருந்தாலும் அது குற்றம்தான்.

பிறகு ஒவ்வொரு கறுப்புக் கட்டத்தையும் அமெரிக்காவின் சொந்த விதியோடு உரசிப் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் 13526ஆம் நிர்வாக ஆணை, சட்டமீறலையோ சங்கடத்தையோ மறைக்க ரகசிய முத்திரை குத்தக் கூடாது என்கிறது. கோபால்ட்டில் 2002 நவம்பரில் குல் ரஹ்மான் என்ற கைதி சங்கிலியில் கிடந்து, குளிரில் விறைத்து இறந்தார். நான்கு மாதம் கழித்து, அங்கே பொறுப்பிலிருந்த அதிகாரிக்கு 2,500 டாலர் பரிசு கொடுக்கப் பரிந்துரை போனது. அறிக்கையில் அவர் ‘சிஐஏ அதிகாரி 1’ மட்டுமே.

கறுப்புக் கட்டத்தின் நீளத்தை அளந்து பெயரை ஊகிக்காதீர்கள். மை எழுத்தைத் தாண்டியும் பூசப்பட்டிருக்கலாம். சம்பந்தமில்லாத ஒருவர் தலையில் பழி விழும். வேறு ஆவணம் உறுதிசெய்யும்வரை அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள்.