ஏற்காட்டு ஈரத்தில் ஒரு பீட்சா அடுப்பு

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் சுமை வண்டிக்கு ஆகும் வாடகை சிறிதல்ல என்பதால், பீட்சா அடுப்புக்கு எந்தக் கல், எத்தனை கல் என்பதை முன்பே முடிவுசெய்து ஒரே நடையில் ஏற்றிவிடுவது நல்லது. 32 அங்குல உள்விட்டம் கொண்ட குவிமாட அடுப்பு ஒரு குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும். அதற்கு 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குலத் தடிமன் கொண்ட பயர் பிரிக் என்னும் நெருப்பு தாங்கும் செங்கல், உடைசலையும் சேர்த்துச் சுமார் 120 வேண்டியிருக்கும். அடுப்பின் எடை அரை டன்னை எளிதாகத் தாண்டிவிடும் என்பதால், சேலத்தில் மொட்டை மாடியில் கட்ட நினைப்பவர்கள் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கல் வாங்கும்போது களிமண்ணில் செய்த பயர் பிரிக்கையே கேட்டு வாங்குங்கள். மலையேறும் வழியில் தெரியும் வெள்ளைக்கல் சுரங்கங்களின் மேக்னசைட்டில் செய்த கல்லும் நெருப்புக்கு உரியதுதான், ஆனால் அது உருக்காலை உலைகளுக்கான கல். வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவதால் அதன்மேல் வைத்த பீட்சாவின் அடி, மேல்பக்கம் வேகும் முன்பே கருகிவிடும். ஈரமும் நீராவியும் பட்டால் நாளடைவில் அந்தக் கல் உப்பி வெடிக்கவும் கூடும். வருடத்தில் பாதி நாள் பனிமூட்டம் தவழும் ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுப்பு நிற்கும் இடத்தைப் பற்றி எங்கள் கொத்தனாருக்குச் சந்தேகமே இல்லை, அக்கினி மூலைதான் என்றார். நானும் மறுக்கவில்லை. எனக்கு முக்கியமாகப்பட்டது அடுப்பின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே. தென்மேற்குக் காற்றும் வடகிழக்குக் காற்றும் நேராக வாய்க்குள் அடித்தால் புகை சமைப்பவர் முகத்துக்கே திரும்பும் என்பதால், தென்கிழக்கு நோக்கி வாய் வைத்தோம். மேலே தகரக் கூரை கட்டாயம் வேண்டும். பக்கங்களை அடைக்கக் கூடாது, ஏனெனில் விறகின் புகையிலும் கங்கிலும் வரும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது.

இடுப்புக்குச் சற்று மேலான உயரத்தில் மேடை கட்டி, அதன்மேல் 4 அங்குலக் கான்கிரீட் பலகை போட்டு, அது இறுகியபின், சூட்டைக் கடத்தாத இலேசான கனிமத் துகளான வெர்மிகுலைட்டும் சிமெண்டும் ஐந்துக்கு ஒன்று என்ற அளவில் கலந்த 4 அங்குல அடுக்கைப் பரப்ப வேண்டும். இந்த அடுக்கைச் சிக்கனம் கருதி விட்டுவிட்டால் தளத்தின் சூடு முழுவதும் மேடைக்குள் இறங்கிப்போகும், இரண்டாவது பீட்சாவுக்கே அடி வேகாது. அதன்மேல் தளக்கற்களைக் கலவை இல்லாமல், மெல்லிய மணல் படுகையில் நெருக்கமாக அடுக்குங்கள். அடுக்கும் கோடு வாய்க்கு நேராக இல்லாமல் சாய்வாக இருந்தால் பீட்சாவை உள்ளே தள்ளும் துடுப்பு எந்த விளிம்பிலும் இடறாது.

குவிமாடத்துக்கு ஈர மணலைக் கும்பமாகக் குவித்து, அதன்மேல் நனைத்த செய்தித்தாளை ஒட்டி, பாதியாக வெட்டிய கற்களை வட்டம் வட்டமாக ஏற்றிக்கொண்டு போவது எளிய முறை. கலவைக்கு மணல் 3, பயர் கிளே என்னும் சூடு தாங்கும் களிமண் 1, சுண்ணாம்பு 1, சிமெண்ட் 1. கற்களை அரை நாள் தண்ணீரில் ஊறவைத்த பிறகே வைக்க வேண்டும், இல்லையென்றால் கலவையின் நீரைக் கல் உறிஞ்சிக்கொண்டு பிடிமானம் போய்விடும். உள்ளே உயரம் 16 அங்குலம் என்றால் வாயின் உயரம் 10 அங்குலம் இருக்க வேண்டும். இந்த 63 சதவீதக் கணக்கில் மட்டும் கொத்தனாரின் கண்ணளவை நம்பாதீர்கள். வாய் உயர்ந்தால் சூடு ஓடிவிடும், தாழ்ந்தால் தீ மூச்சுத் திணறும். புகைக்குழாய் குவிமாடத்தின் உச்சியில் அல்ல, வாய்க்கு வெளியே முன்வளைவின்மேல் வர வேண்டும். ஒரு வாரம் கழித்து மணலை அள்ளிவிட்டு, வெளிப்புறம் சூட்டை வெளியே விடாத 2 அங்குலச் செராமிக் பைபர் விரிப்பைப் போர்த்துங்கள், முகமூடியும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. அதன்மேல் கம்பி வலை கட்டிப் பூசிவிட்டால் கட்டும் வேலை முடிந்தது.

ஆனால் அடுப்பு இன்னும் தயாராகவில்லை. கல்லிலும் கலவையிலும் குடம் குடமாகத் தண்ணீர் தங்கியிருக்கும் என்பதால், சேலம் வெயிலில் பத்து நாளும் ஏற்காட்டில் மூன்று வாரமும் சும்மா காயவிட வேண்டும். பிறகு முதல் நாள் கொஞ்சம் கரி மட்டும் போட்டு 100 டிகிரி செல்சியஸுக்குள் நாலைந்து மணி நேரம், அடுத்தடுத்த நாள்களில் ஐம்பது ஐம்பது டிகிரியாகக் கூட்டி, ஒரு வாரத்தில் 400-ஐ எட்ட வேண்டும். எங்கள் வீட்டில் உறவினர்கள் வருகிறார்கள் என்று மூன்றாம் நாளே பெரிய தீ மூட்டினேன். சற்று நேரத்தில் பூச்சின்மேல் வியர்த்ததுபோல் நீர்த்துளிகள் அரும்பின, ‘உஸ்’ என்ற சத்தத்தோடு ஓரிடத்தில் நீராவி பீறிட்டது, அந்த இடத்திலிருந்து உச்சிவரை விரல் நுழையும் விரிசல் ஓடியது. பயர் கிளே அடைத்துச் சரிசெய்தோம். வடு இன்னும் இருக்கிறது. மயிரிழை விரிசல்கள் எல்லா அடுப்பிலும் வரும், அவற்றுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

விறகுக்குச் சவுக்கு, புளி, சீமைக்கருவேலம் நல்லவை. மலையில் கவாத்து செய்த காப்பிக் கட்டைகள் கிடைத்தால் அவற்றுக்கு ஈடில்லை. சில்வர் ஓக் பற்றவைக்க மட்டும் உதவும். அரளி, எருக்கு, சாயம் பூசிய பலகை, பிளைவுட் ஆகியவற்றின் புகை நஞ்சு. மாசி முதல் சித்திரை வரை சுற்றிலும் புல் காய்ந்து கிடக்கும், அப்போது புகைக்குழாயின் வாயில் கம்பி வலை இல்லாமல் தீ மூட்டாதீர்கள்.

மாவுக்கு ஒரு கிலோ மைதா, 600 மில்லி தண்ணீர், 25 கிராம் உப்பு, ஒன்று அல்லது இரண்டு கிராம் உலர் ஈஸ்ட். சர்க்கரை வேண்டாம், இந்தச் சூட்டில் கருகும். ஏற்காட்டுக் குளிரில் இரவு முழுவதும் வெளியிலேயே புளிக்கவிடலாம், சேலத்துச் சித்திரையில் குளிர்ந்த நீரில் பிசைந்து குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். 250 கிராம் வீதம் ஆறு உருண்டைகள் வரும்.

தீ மூட்டி ஒன்றரை மணி நேரத்தில் உள்கூரை கரி படிந்து கறுக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்து கல் மறுபடி வெளுக்கும். அந்த வெளுப்புதான் அடையாளம். கங்கை ஒரு பக்கம் ஒதுக்கி, தளத்தைத் துடைத்து, ஒரு சிட்டிகை மைதாவைத் தூவிப் பாருங்கள். உடனே கறுத்தால் சூடு அதிகம், ஐந்தாறு நொடியில் பழுப்பானால் சரி. துடுப்பில் ரவை தூவி, வட்டத்தை விரித்தவுடன் தாமதிக்காமல் உள்ளே தள்ள வேண்டும். தக்காளியை வடித்து, சீஸைத் துருவிச் சல்லடையில் அரை மணி வைத்து, காளானை முன்பே வதக்கிப் போடுங்கள். தொண்ணூறு நொடியில் வேகும் பண்டத்தில் நீர் வற்ற நேரமே கிடையாது. தோட்டத்துப் பச்சை மிளகை உதிர்த்துப் போட்டால் மிக நன்றாக இருக்கும். சீஸைத் திறந்து வைத்துவிட்டு நகராதீர்கள், குரங்குகள் காத்திருக்கும்.

மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரம் மூட்டாமல் கிடந்த அடுப்பு மறுபடி ஈரம் குடித்திருக்கும். முதல் ஒரு மணி நேரம் சின்னத் தீதான். சமைத்து முடித்த இரவில் கதவைச் சாத்திவைத்தால் மறுநாள் காலையிலும் உள்ளே சூடு இருக்கும். கங்கு ஒன்றுகூட மிச்சமில்லை என்று பார்த்து, வெப்பம் 100 டிகிரிக்குக் கீழே இறங்கியபின் அடுத்த முறைக்கான விறகை உள்ளே அடுக்கி, கதவை விரற்கடை திறந்து வையுங்கள். மாலைக்குள் காய்ந்துவிடும்.