விசில் தப்பாகப் போய்விட்டால்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் 22 வருடம் உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். அதில் 18 வருடம் பள்ளிக் கால்பந்து அணிகள் என் பொறுப்பு. இப்போது என் பேத்தி ஆடுகிறாள், நான் கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன். போன மாதம் ஆட்டம் முடிந்ததும் மூன்று அப்பாக்கள் ரெஃப்ரியின் காரைச் சுற்றி நின்றுகொண்டு அவரைப் போகவிடவில்லை. பக்கத்தில் பிள்ளைகள் பூட்ஸைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கோபம் எனக்குத் தெரியும். 2011-இல் 16 வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டம், யாரும் கோல் போடவில்லை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் பையன் தலையால் முட்டிய பந்து மேல் கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு உள்ளே விழுந்து, வெளியே துள்ளியது. நான் கோல் கோட்டுக்கு நேராக நின்றிருந்தேன். ரெஃப்ரி நடு மைதானத்தில் இருந்தார். கொடி பிடித்தவன் பதினோராம் வகுப்புப் பையன், அவன் முப்பது அடி பின்னால் இருந்தான். கோல் தரவில்லை. நான் மைதானத்துக்குள் ஓடிப்போய்க் கத்தினேன். என் பின்னாலேயே எங்கள் கேப்டன் ஓடிவந்து ரெஃப்ரியின் கையைப் பிடித்து இழுத்தான். சிவப்பு அட்டை. அடுத்த பருவத்தில் முதல் நான்கு ஆட்டங்கள் அவனுக்கு இல்லை. அவனுடைய அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. நான் ஓடியதால்தான் அவன் ஓடினான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆகவே முதல் வேலை பெரியவர்களுக்கு. விசில் கேட்டதும் இருந்த இடத்திலேயே இருங்கள். நின்றிருந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ரெஃப்ரியைப் பார்ப்பதற்கு முன்னால் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். பயிற்சியாளருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019 முதல் அணியின் பெரியவர்களுக்கும் ரெஃப்ரி மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். பெஞ்சிலிருந்து கத்தியது யார் என்று தெரியாவிட்டால், அங்கே இருக்கும் தலைமைப் பயிற்சியாளர் பெயரில் அட்டை எழுதப்படும்.

அடுத்து, நடந்த தவறு எந்த வகை என்று பாருங்கள். எல்லாத் தவறுக்கும் ஒரே கதவைத் தட்டுகிறோம், அதனால்தான் எந்தக் கதவும் திறப்பதில்லை.

பெரும்பாலானவை கண்ணால் வரும் தவறுகள். பந்து கோட்டைத் தாண்டியதா, கையில் பட்டதா, கால் இடறியதா என்பவை. இவற்றில் ரெஃப்ரி சொன்னதே முடிவு என்று ஆட்டவிதிகளின் ஐந்தாம் விதி தெளிவாகச் சொல்கிறது. கோல் விழுந்ததா இல்லையா என்பதும் அதில் சேர்த்தி. மேல்முறையீடு செய்து இதை மாற்ற முடியாது. என்னுடைய 2011 கோலும் இந்த வகைதான். அதற்கு முந்தைய வருடம் நம் நாட்டிலேயே, ப்ளூம்ஃபொன்டெய்னில், ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்தது. உலகக்கோப்பைக்குத் தேர்ந்தெடுத்த ரெஃப்ரியும் லைன்ஸ்மேனும் அதைப் பார்க்கவில்லை. கோல் கோட்டுக்குத் தொழில்நுட்பம் வைக்க அனுமதி கிடைத்தது 2012-இல். அவர்களுக்கே அப்படியென்றால், சனிக்கிழமை காலையில் தனியாக ஓடும் ஒரு கணக்கு வாத்தியாரிடம் நாம் எதை எதிர்பார்ப்பது?

உங்கள் போன் வீடியோவையும் முழுதாக நம்பாதீர்கள். 2022 உலகக்கோப்பையில் ஜப்பான், ஸ்பெயினுக்கு எதிராகப் போட்ட இரண்டாவது கோல் ஞாபகம் இருக்கிறதா? பக்கவாட்டுப் படத்தில் பந்து முழுக்க வெளியே போனது போலத் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் பந்தின் விளிம்பு கோட்டின் மேலேயே இருந்தது. பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே என்று கணக்கு. சாய்வாக நின்று எடுத்த படம் இதில் எளிதாக ஏமாற்றும்.

இரண்டாவது வகை, விதியையே மாற்றிப் பிடித்துவிடுவது. இதில்தான் நம்மால் ஏதாவது செய்ய முடியும், ஆனால் நேரம் மிகக் குறைவு. ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் ரெஃப்ரி தன் முடிவை மாற்றிக்கொள்ளலாம். தொடங்கிவிட்டால் மாற்ற முடியாது. ஒருமுறை எங்கள் பெண்கள் அணி த்ரோ-இன் போட்டது, பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிவது. பந்தை நேராக வாங்கிய பெண்ணுக்கு எதிராக ஆஃப்சைடு, அதாவது எதிரணிக் கோல் பக்கம் அளவுக்கு மீறி முன்னால் நின்றாள் என்று விசில் ஊதினார்கள். த்ரோ-இன்னிலிருந்து நேரே வந்த பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. கோல் கிக், கார்னர் இரண்டுக்கும் அப்படித்தான். எங்கள் கேப்டன் மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தனியாக நடந்து போய், “சார், அந்தப் பந்து த்ரோ-இன்னிலிருந்து வந்தது” என்று மட்டும் சொன்னாள். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு முடிவை மாற்றினார். நான்கு பேர் சூழ்ந்துகொண்டு கத்தியிருந்தால் அவர் மாற்றியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கூட்டத்துக்குப் பயந்து மாற்றியதாகத் தெரிய எந்த ரெஃப்ரிக்கும் பிடிக்காது.

இதைப் பயிற்சியில் பழக்குங்கள். கேப்டன் மட்டும் பேச வேண்டும். ஒரே வாக்கியம், அதில் ஒரு தகவலோ ஒரு கேள்வியோ இருக்கட்டும். “சார், எதற்காக ஃபவுல்?” என்று கேட்கலாம். “உங்களுக்குக் கண் இல்லையா” என்று கேட்டால் அது மஞ்சள் அட்டை. எதிர்ப்பைச் சொல்லால் காட்டினாலும் கையால் காட்டினாலும் எச்சரிக்கைதான். நான் புதன்கிழமை பயிற்சிகளில் வேண்டுமென்றே தப்புத் தப்பாக விசில் ஊதுவேன். பிள்ளைகள் முதலில் கொதித்தார்கள். மூன்றாவது வாரம் பந்தை எடுத்து வைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு நின்றார்கள். எனக்குத் தெரிந்த எந்தப் பயிற்சியையும்விட இது அதிகம் பயன்பட்டது.

கேப்டன் சொல்லியும் விதி தப்பாகவே போனால், ஆட்டம் முடிந்ததும் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுவது வீண் வேலை இல்லை. 2005-இல் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் மோதிய உலகக்கோப்பைத் தகுதி ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தான் ஒரு பெனால்டியைக் கோலாக்கியது. அடிப்பதற்கு முன்னால் அதே அணிக்காரர் ஒருவர் பெனால்டி பெட்டிக்குள் நுழைந்துவிட்டார். அன்றைய விதிப்படி பெனால்டியைத் திரும்ப அடிக்க வைத்திருக்க வேண்டும். ரெஃப்ரியோ எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். ஃபிஃபா அந்த ஆட்டத்தையே ரத்து செய்து திரும்ப ஆடச் சொன்னது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. முதலில் 1-0 என்று வென்றிருந்த உஸ்பெகிஸ்தான்தான் புகார் கொடுத்தது. திரும்ப ஆடியது 1-1 என்று முடிந்து, அதே மோதலின் இரண்டாவது ஆட்டம் 0-0 ஆகி, எதிரணியின் ஊரில் போட்ட கோலுக்கு முன்னுரிமை என்ற கணக்கில் அவர்களே வெளியேறினார்கள். புகார் கொடுப்பதற்கு முன்னால், வென்றால் என்ன கிடைக்கும் என்றும் யோசியுங்கள்.

மூன்றாவது வகை, நேர்மையில்லாத விசில். இந்த வார்த்தையை லேசாகப் பயன்படுத்தாதீர்கள். 2016 நவம்பரில் பொலோக்வானேயில் செனெகலுக்கு எதிரான ஆட்டத்தில் நம் நாட்டு அணியான பஃபானா பஃபானாவுக்கு, பந்து எதிரணியின் கையில் பட்டதாகச் சொல்லி ஒரு பெனால்டி கிடைத்தது. பந்து செனெகல் வீரர் கூலிபாலியின் முழங்காலில்தான் பட்டது. நாம் 2-1 என்று வென்றோம். ரெஃப்ரி ஜோசப் லாம்ப்டி ஆட்டத்தை வேண்டுமென்றே திருப்பியதாக ஃபிஃபா முடிவு செய்து 2017-இல் அவருக்கு ஆயுள் தடை போட்டது. ஆட்டம் திரும்ப நடந்தது, 2-0 என்று தோற்றோம். எனக்கு வலித்தது, ஆனால் அது சரியான முடிவு. நமக்குச் சாதகமாக வந்த விசிலைப் பற்றி நாம் எத்தனை முறை புகார் எழுதியிருக்கிறோம் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்பேன். யாரும் பதில் சொன்னதில்லை.

இதோடு சேர்க்கக்கூடாத ஒன்று உண்டு. ரெஃப்ரி ஒரு பிள்ளையை நிறத்தையோ இனத்தையோ சொல்லித் திட்டினால், தொட்டால், மிரட்டினால், அது ஆட்டத் தீர்ப்பே அல்ல. அதற்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், கேட்ட பிள்ளைகளின் வார்த்தைகளை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

மற்ற புகார்களை ஒரு இரவு தூங்கி எழுந்த பிறகு எழுதுங்கள். ஆனால் உங்கள் போட்டியின் விதித்தாளைப் பருவம் தொடங்கும்போதே வாங்கிப் படித்து வையுங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், யார் கையெழுத்து வேண்டும், கட்டணம் உண்டா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கெடு ஒரே நாள் என்றால் ஒரே நாள்தான்.

எழுதும் முறையை நான் என் அப்பாவிடம் கற்றேன். டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து வெளியேற்றப்பட்டு சாட்ஸ்வர்த்துக்கு வந்தவர், கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் பந்தாடியவர், ஒரு சிறிய கிளப்பின் செயலாளர். எங்கே குடியிருக்கலாம், எந்த மைதானத்தில் ஆடலாம் என்று நிறம் பார்த்துச் சட்டமே பிரித்து வைத்திருந்த காலம். அதைவிடப் பெரிய அநியாயம் விளையாட்டில் ஏது? அவர் கார்பன் தாள் வைத்துக் கடிதம் எழுதுவார். தேதி, இடம், நடந்தது, நாங்கள் கேட்பது, அவ்வளவுதான். அழுத்தமான பெயரடை ஒன்றுகூட இருக்காது. “கோபத்தை எழுதினால் அவர்கள் கோபத்துக்குத்தான் பதில் எழுதுவார்கள், அம்மா” என்பார்.

நீங்களும் அப்படியே எழுதுங்கள். எத்தனையாவது நிமிடம், பந்து எங்கே, நீங்கள் எங்கே நின்றீர்கள், ரெஃப்ரி என்ன சொன்னார், எந்த விதி, என்ன வேண்டும். ஒரு பக்கம் போதும். விளையாட்டுப் பொறுப்பாசிரியர் வழியாகப் போட்டிக் குழுவுக்கு அனுப்புங்கள், ஒரு பிரதி வையுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ரெஃப்ரியின் படத்தைப் போடாதீர்கள். அவரும் வேறொரு பள்ளியில் யாருக்கோ வாத்தியார், கொடி பிடித்தவன் யாரோ ஒருவரின் பிள்ளை.

அப்புறம் வீட்டுக்குப் போகும் கார் பயணம். முதலில் சாப்பாடு, பேச்சு அதற்குப் பிறகு. பிள்ளை தானாகச் சொல்லட்டும். அது கோல் என்று நீங்களும் நம்பினால் மறைக்காதீர்கள், “எனக்கும் உள்ளே விழுந்தது போலத்தான் இருந்தது” என்று சொல்லுங்கள். பொய்யாக ஆறுதல் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் ரெஃப்ரியைத் திருடன் என்று காருக்குள்ளும் சொல்லாதீர்கள்.

சில வாரம் கழித்து அதே ரெஃப்ரி உங்கள் ஆட்டத்துக்கு மறுபடி வருவார், பள்ளி ஆட்டங்களுக்கு ஆட்கள் குறைவு. 2011-இல் விசில் ஊதியவர் அடுத்த ஏப்ரலில் வந்தார். தடை முடிந்து வந்திருந்த என் கேப்டனைக் கூட்டிக்கொண்டு போய், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் இருவரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் அவனுடைய தோளில் கை வைத்துவிட்டு, டாஸ் போட நாணயத்தை எடுத்தார்.