முதல் மழையும் ஈசலும்: மருந்தைத் தேடாதீர்கள், விளக்கை அணையுங்கள்

கோடையில் பெங்களூரில் நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்தால் அன்றைக்குப் பஜ்ஜி வியாபாரம் அமோகமாக இருக்கும். ஈசலும் அன்றைக்குத்தான் வரும். ஸ்ரீராமபுரத்தில் வீட்டு வாசலிலேயே அடுப்பு மூட்டி மாலையில் மிளகாய் பஜ்ஜியும் வாழைக்காய் பஜ்ஜியும் போட்டு விற்கிறவள் நான். காய்ந்துகொண்டிருக்கும் எண்ணெய்ச் சட்டி, பக்கத்தில் கரைத்து வைத்த கடலைமாவு, தலைக்கு மேலே பளீரென்று ஒரு பல்பு. ஈசலை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்? அதனால் இந்த விஷயத்தில் என் பேச்சைக் கொஞ்சம் நம்பலாம்.

எந்த நாளில் வரும் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பெய்யும் கோடை மழைக்குப் பின்னால்தான் பெரிய படையெடுப்பு. பிறகும் மழைக்காலத்தில் அவ்வப்போது சிறு கூட்டங்கள் வருவதுண்டு. பகல் முழுவதும் புழுங்கி, மூன்று நான்கு மணிக்கு இடியோடு கொட்டித் தீர்த்து, ஆறு மணிக்குள் மழை வெறித்து, காற்றும் அடங்கிவிட்டால் அன்று மாலை தயாராக இருங்கள். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வானத்தைப் பாருங்கள். பருந்துகள் ஒரே இடத்தில் வட்டமடித்து எதையோ காலால் பிடித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தால், பக்கத்தில் எங்கோ புற்று திறந்துவிட்டது என்று அர்த்தம்.

ஈசல் என்பது தனிப் பூச்சி அல்ல; இறக்கை முளைத்த கறையான்தான். புற்றுக்குள் ஆணும் பெண்ணுமாக மழைக்குக் காத்திருக்கும். மண் நெகிழ்ந்ததும் வேலைக்காரக் கறையான்கள் வாசலைத் திறந்துவிடும். சுற்றுவட்டாரத்துப் புற்றுகள் எல்லாம் ஒரே மாலையில் திறப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது: வேறு புற்றில் பிறந்த துணை கிடைக்கும், காகமும் பல்லியும் தவளையும் எவ்வளவு தின்றாலும் தீராது. ஈசல் கடிக்காது, கொட்டாது, நோய் பரப்பாது. தொல்லை எல்லாம் எண்ணிக்கையால் வருவது. அந்தத் தொல்லையும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பையன்கள் முதல் வருடம் அலறிக்கொண்டு கீழே ஓடி வந்தார்கள். "அக்கா, ஸ்பிரே வாங்கிக்கொண்டு வரட்டுமா?" என்று கேட்டான் ஒருவன். "முதலில் போய் லைட்டை அணை தம்பி. வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். அன்றைக்கு அவர்கள் எதையும் வாங்க வேண்டி வரவில்லை.

செய்ய வேண்டிய முதல் காரியம் அதுதான். தெருவைப் பார்த்த ஜன்னல்களுக்குப் பின்னால் எரியும் விளக்குகள், வாசல் விளக்கு, மாடிப்படி விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். அணைக்கவே முடியாத அறையில் திரையை இழுத்து விடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் காவலாளியிடம் சொல்லி நடைபாதை விளக்குகளை அந்த நேரத்துக்கு மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். பத்து வீடு இருட்டாக இருந்து ஒரு வீட்டில் மட்டும் பால்கனி விளக்கு எரிந்தால் பத்து வீட்டு ஈசலும் அந்த வீட்டுக்குத்தான் போகும். அது யார் வீடு என்று மறுநாள் காலை பெருக்கும்போது தெரிந்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் அணைத்தால் மட்டும் போதாது. அவற்றுக்குப் போக ஓர் இடம் வேண்டும். வாசலிலிருந்து தள்ளி, சுற்றுச்சுவர் மூலையிலோ மொட்டை மாடியிலோ பளிச்சென்ற வெள்ளை விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். மழையில் நனைந்த ஒயரை இழுத்து மாட்டாதீர்கள். சார்ஜ் செய்து வைத்த எமர்ஜென்சி விளக்கே போதும். அதற்கு நேர் கீழே அகலமான பேசினில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் நாலு சொட்டு விடுங்கள். வெறும் தண்ணீரில் விழுந்த ஈசல் மேலேயே மிதந்து தத்தளித்துக் கரையேறிவிடும். சோப்பு கலந்தால் மூழ்கிவிடும்.

வாசல் விளக்கை மாற்றுகிற எண்ணம் இருந்தால் டப்பாவின் மேல் 'வார்ம் ஒயிட்', 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 6500 கெல்வின் என்று வரும் நீலம் கலந்த வெள்ளை விளக்குத்தான் பூச்சிகளை அதிகம் இழுக்கிறது. மஞ்சள் விளக்குக்கும் சில வரும், படையாக வராது. என் அடுப்புக்கு மேலே இப்போது எரிவது மஞ்சள் விளக்குத்தான். பஜ்ஜியும் அதில் பொன்னிறமாகத் தெரிகிறது, அது கூடுதல் லாபம்.

என்னைப் போல வாசலில் சமைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவுப் பாத்திரத்துக்கு மூடி, பொரித்ததை வைக்கக் கண்ணாடிப் பெட்டி, இரண்டும் கட்டாயம். கூட்டம் கனத்துவிட்டால் அடுப்பை அணைத்து, எண்ணெய்ச் சட்டியையும் தட்டால் மூடிவிடுங்கள். எண்ணெயில் விழுந்ததை ஜல்லிக்கரண்டியால் அள்ளிவிட்டுத் தொடரலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். உடம்பை அள்ளலாம், கருகி ஒட்டிய இறக்கையை அள்ள முடியாது. அடுத்து வரும் பஜ்ஜியில் அது மிளகாய் விதை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அரை மணி நேரம் வாடிக்கையாளர்களுக்கு டீ கொடுத்து உட்கார வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. மழைநாளில் யாருக்கும் எங்கேயும் அவசரம் கிடையாது.

வீட்டுக்குள் நுழையும் வழிகளை மழை தூறத் தொடங்கும்போதே அடைத்துவிட வேண்டும். கதவின் அடியில் பழைய துண்டை நனைத்துச் சுருட்டி வையுங்கள். கொசுவலை இருக்கும் ஜன்னலில் வலையின் மூலையைப் பாருங்கள். வெல்க்ரோ ஒட்டிய வலையானால் மூலைதான் முதலில் பிய்ந்து நிற்கும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையையும் குளியலறை வென்டிலேட்டரையும் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள்.

அதையும் தாண்டி உள்ளே வந்துவிட்டால் மின்விசிறியை மட்டும் போடாதீர்கள். இறக்கைகள் அலமாரி, மெத்தை, சுவாமி படம் எல்லா இடத்துக்கும் போகும். அறை விளக்கை அணைத்து, பால்கனி விளக்கைப் போட்டு, கதவைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பாதிக்கு மேல் தானாக வெளியேறும். மீதி தரையில் இறங்கிவிடும். இறங்கிய ஈசலைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? உடம்பைவிட நீளமான நான்கு இறக்கைகள். கொஞ்ச தூரம் ஓடும், உடம்பை ஒரு பக்கம் முறுக்கும், இறக்கைகள் அடிப்பக்கத்துக் கோட்டில் ஒடிந்து பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பிறகு முன்னால் பெண், அதன் வாலைத் தொட்டபடி பின்னால் ஆண் என்று ஜோடி ஜோடியாக ஈரமண் தேடிப் போகும். நம் வீட்டு மொசைக் தரையில் அவற்றுக்குப் போக்கிடம் கிடையாது. விடிவதற்குள் பெரும்பாலும் செத்துவிடும். தானாகச் சாகப்போகிறதற்கு எதற்கு மருந்து? அந்த மருந்து படிவது தட்டிலும் தலையணையிலும்தான். மருந்தில் செத்த ஈசலைத் தின்னும் பல்லிக்கும் பூனைக்கும் அது நல்லதல்ல.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போகும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள், சுடரில் விழுந்து கருகும் நாற்றம் சோற்றை இறங்க விடாது. கைப்பேசி விளக்கைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துச் சாப்பிட்டு முடியுங்கள்.

தருமபுரிப் பக்கம் எங்கள் பாட்டி புற்றோரம் விளக்கு வைத்து ஈசல் பிடித்து, இறக்கையைப் புடைத்துத் தள்ளி, வறுத்துப் பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து கொடுப்பார். அந்த ருசிக்கு ஈடு கிடையாது. இங்கே அதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். எந்தக் காலி மனையில் யார் என்ன மருந்து ஊற்றியிருக்கிறார்கள் என்பது யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலை வேலை இறக்கை வாருவது. காய்ந்த தரையில் பூந்துடைப்பம் போட்டால் எழும்பிப் பறந்து பின்னாலேயே வந்து உட்காரும். முதலில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தென்னந்துடைப்பத்தால் ஒதுக்கி முறத்தில் அள்ளுங்கள். அள்ளி முடிக்கும்வரை பால்கனியில் வாளித் தண்ணீரைக் கொட்டக்கூடாது. இறக்கைகள் எல்லாம் தண்ணீர் போகும் துளையில் போய்ப் படிந்து அடைத்துக்கொள்ளும். அடுத்த மழையில் பால்கனி குளமாகும். நகரும் ஜன்னலின் தண்டவாளத்துக்குள் கிடப்பதைப் பழைய டூத்பிரஷால் எடுக்கலாம். அள்ளியதைப் பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள், நல்ல உரம்.

தொட்டி என்றதும் இன்னொன்று. மழைக்காலத்தில் பெரிய கொசு மாதிரி, நூல் போன்ற நீண்ட கால்களோடு ஒரு பூச்சி சுவரில் வந்து உட்காரும். பிள்ளைகள் பயந்து செருப்பைத் தூக்குவார்கள். அது ஈசலும் அல்ல, கொசுவும் அல்ல, கடிக்காது. தொட்டால் கால் கழன்றுவிடும், அவ்வளவு பலவீனமானது. அதன் புழுக்கள் ஈர மண்ணில் வளர்கின்றன. அடிக்கடி வந்தால் தொட்டிகளுக்கு ஊற்றும் தண்ணீரைக் குறையுங்கள். ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி வெளியே விட்டுவிடலாம்.

சிலர் ஈசல் வராமலே செய்கிறேன் என்று தெருக்கோடிப் புற்றில் மருந்து ஊற்றக் கிளம்புவார்கள். அங்கே நாகர் கல்லும் மஞ்சள் குங்குமமும் இருந்தால் ஊரே சண்டைக்கு வரும். அந்த ஒரு புற்றை அழித்தாலும் மற்ற புற்றுகளிலிருந்து வரத்தான் போகிறது.

நிஜமாகக் கவலைப்பட வேண்டியது வேறு. ஜன்னல் எல்லாம் மூடியிருக்க, வீட்டுக்குள் நிலைப்படிக்கு அடியிலோ சுவர் விரிசலுக்குக் கீழேயோ இறக்கைகள் குவிந்து கிடந்தால் அவை வெளியிலிருந்து வந்தவை அல்ல. உங்கள் வீட்டிலேயே கறையான் குடியேறிவிட்டது. முதலில் அது ஈசல்தானா, பறக்கும் எறும்பா என்று பாருங்கள். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே அளவு, இடுப்பு தடிமன், மீசை நேராக இருக்கும். எறும்புக்கு முன் இறக்கை பெரிது, இடுப்பு ஒடுங்கியிருக்கும், மீசை முழங்கை போல மடங்கியிருக்கும். ஈசல்தான் என்றால் நிலைப்படியை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று கேட்கும் இடத்தைக் கத்தி முனையால் குத்தினால் உள்ளே மண் தெரியும். சுவரில் மண்ணால் கட்டிய மெல்லிய குழாய் ஏறியிருக்கும்.

இதற்கு வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் என்று கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். தெரிந்த ஆளைக் கூப்பிட்டால் சுவரும் தரையும் சேரும் இடத்தில் சுமார் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு, இமிடாகுளோபிரிட் அல்லது குளோர்பைரிபாஸ் போன்ற மருந்தைச் செலுத்தி, துளையை சிமெண்டால் அடைப்பார்கள். கட்டிய வீடுகளுக்கு இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று இந்தியத் தர விதி ஐஎஸ் 6313-இன் மூன்றாம் பகுதி சொல்கிறது. அதன்படி செய்வீர்களா என்று கேளுங்கள். மருந்தின் பெயரையும் உத்தரவாதக் காலத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். வேலை நடக்கும்போது குழந்தைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பெங்களூர் வீடுகளில் குடிதண்ணீர் பெரும்பாலும் தரைக்கடியில் சம்ப்பில்தான் இருக்கிறது. துளை போடும் இயந்திரத்தை எடுப்பதற்கு முன்பே அது எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். அதை ஒட்டிய சுவரில் ஒரு சொட்டு மருந்தும் இறங்கக்கூடாது.